இறக்கிய பின் தூக்குவதில்லை

மரத்தூள் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் கை சில்லிட்டுப் போகும். தச்சுப்பட்டறையைக் கடந்து போனால்கூட அப்படித்தான். பேரப்பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, கோணிச் சாக்கிலிருந்து பனிக்கட்டிப் பாளத்தை எடுத்து, மரத்தூள் போகக் கழுவிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில். கழுவுகிற தண்ணீரே வெந்நீராகக் கொதித்தது. கழுவக் கழுவப் பாளம் என் கண்ணெதிரே இளைத்துக்கொண்டே போனது.

உள்ளே பட்லர் சூப்புக்கு ஆட்டெலும்பு தட்டிக்கொண்டிருந்தார். மேட்ரன் அம்மா சன்னல் திரைகளை மாற்றச் சொல்லிவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொள்ளப் போயிருந்தார். இத்தனை தடபுடலும் ஒரே ஓர் அமெரிக்கருக்காக. அவரைக் கடலிலிருந்து தோணியில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு வாசல்

நாசரேத்தில் நர்ஸ் படிப்பு முடித்துத் தூத்துக்குடியில் வேலைக்கு வந்ததைப் போன வாரம் சொன்னேன். "வேலைக்குச் சேர்ந்தீர்கள் சரி, அந்த ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதக்கூடாதா?" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். கோபம் நியாயமானதுதான்.

கப்பல் ஏஜெண்டுகளும் மில் துரைமார்களும் சந்தா போட்டு நடத்திய ஆஸ்பத்திரி அது. அதற்கு இரண்டு வாசல். கடற்கரைச் சாலையைப் பார்த்த முன்வாசல் துரை வார்டுக்குப் போகும். மின்விசிறி, கொசுவலை, பீங்கான் பாத்திரம் எல்லாம் அங்கே உண்டு. பாதி நாள் கட்டில்கள் காலியாகவே கிடக்கும். பின்வாசல் வழியாகப் போனால் பெரிய வார்டு. அங்கே கட்டிலில் பாதிப் பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் பாதிப் பேர்.

பெரிய வார்டில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிற ஆட்கள் துரை வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பான சட்டம் இருந்தது. எப்போதோ ஒரு துரைசாணி அவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாளாம். துரை வார்டுக்கென்று ஒரு பட்லர், ஒரு ஆயா, நர்சுகளில் நான், எங்களுக்கு மேலே மேட்ரன்.

பனிக்கட்டி அந்தக் காலத்தில் நினைத்தால் கிடைக்கிற சரக்கு இல்லை. கிளப்புக்கும் பங்களாக்களுக்கும் வரும். அதில் ஒரு பாளம் துரை வார்டுக்கு. அது அந்த வார்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. எங்கள் ஊர் மாதாவுக்குப் பெயரே பனிமய மாதா. அவள் ஊரில் பனிக்கட்டி மட்டும் வெள்ளைக்காரருக்கு. இதை நான் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி மேட்ரனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மேட்ரனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் சட்டைக்காரி. ஆங்கிலோ-இந்தியர்களை அப்படித்தான் சொல்வோம். அப்பா வெள்ளைக்கார எஞ்சின் டிரைவர், அம்மா நம்மூர்ப் பெண். பேச்சு, உடை எல்லாம் அசல் துரைசாணி. ஆனால் துரைமார் கிளப்பில் கிறிஸ்துமஸ் விருந்தன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும், பக்கவாசல் வழியாகக் கூப்பிடுவார்கள். அதற்கும் புது கவுன் தைத்துக்கொண்டு போவார். அந்த மனுஷியின் மேல் எனக்கு ஆத்திரமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

டர்பன் பெஞ்சு

யுத்தம் முடிந்து ரேஷன் முடியாத காலம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மைலோச் சோளத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, அதைத் தின்னக் கொடுத்த அமெரிக்காவையும் ஏசிக்கொண்டிருந்தோம்.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களைப் படுத்துகிறார்கள் என்று ஊரில் அப்போது ஒரே கொதிப்பு. என் தாய்மாமா டர்பனில் கடையில் வேலை பார்த்தவர். அங்கே கடற்கரையில் காற்று வாங்குகிற பெஞ்சில் நாம் உட்கார முடியாது, வெள்ளைக்காரர் இருக்கிற தெருவில் வீடு வாங்க முடியாது என்று லீவில் வந்தபோது சொன்னார். அதை எதிர்த்து நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தால் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவே நேரமாகும், அவ்வளவு பேச்சு.

எங்கள் கம்பவுண்டர் அண்ணாச்சி இதற்காக நடந்த பொதுக்கூட்டத்தில் மேடையேறிப் பேசினார். சிவகாசிப் பக்கத்து ஆள், குரல் வெண்கலம். "தோல் நிறத்தைப் பார்த்து மனிதனுக்கு இடம் ஒதுக்குகிறவன் மனிதனே அல்ல" என்று அவர் முழங்கியதைக் கேட்டு நானும் கை தட்டினேன். கை சிவக்கத் தட்டினேன்.

வந்து சேர்ந்த அமெரிக்கர்

தூத்துக்குடியில் அப்போது பெரிய கப்பல் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். அப்படி நின்ற ஒரு சோளக் கப்பலின் எஞ்சின் அறையில் ஒருவர் வெப்பம் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று ஏஜெண்டு ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து சொன்னார். அமெரிக்கர், ஆகவே துரை வார்டைத் தயார் செய்யுங்கள் என்று உத்தரவு. எங்கள் டாக்டர் தருவைகுளத்துக்குக் காலரா ஊசி போடப் போயிருந்தார். பொழுது சாயத்தான் திரும்புவார்.

அமெரிக்கர் என்றால் வெள்ளைக்காரர்தானே. அந்த ஆபீஸ்காரர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். மேட்ரன் அப்படித்தான் நினைத்தார். நானும் வேறு மாதிரி நினைக்கவில்லை.

தோணிக்காரர்கள் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். தோணிப்பாயைக் கடல்நீரில் நனைத்து, இரண்டு கம்புகளில் தொட்டில் மாதிரிக் கட்டி, அதில் ஆளைக் கிடத்தியிருந்தார்கள். முன்னால் வந்தவர் தண்டல் சூசை. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். புன்னைக்காயல்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. நான் காட்டிய கட்டிலில் ஆளைப் பூப்போல இறக்கிவிட்டுப் பாயை உருவினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் தண்டலே நல்ல கறுப்பு. வந்தவர் பக்கத்தில் அவர் சிவப்பாகத் தெரிந்தார்.

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அந்த உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது. கண் செருகி, எதையோ உளறிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிச் சூட்டில் வேர்வை நின்றுபோனால் உயிர் கைநழுவுகிறது என்று அர்த்தம். உடனே குளிரவைக்க வேண்டும். துணியில் பனிக்கட்டியைப் பொதிந்து கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். ஆயாவை விசிறியைப் போடச் சொன்னேன்.

மேட்ரன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பேஷண்ட் எங்கே என்று கேட்டார்.

"இவியதாம்மா. கப்பல்லேர்ந்து இவியளத்தான் எறக்குனாவ" என்றார் தண்டல்.

மேட்ரனின் முகத்தில் பவுடரையும் மீறி ரத்தம் ஏறியது. தவறு நடந்துவிட்டது, இவரைப் பெரிய வார்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அங்கே விசிறி இல்லை, பனிக்கட்டி இல்லை என்றேன். பனிக்கட்டி வார்டைத் தாண்டாது என்பது எனக்குத் தெரியுமல்லவா என்று கேட்டார். அப்படியானால் அங்கே போய்ச் சேருவதற்குள் இவர் செத்துப்போவார் என்றேன். நாளைக்கு எந்தத் துரை வந்து என்ன கேட்பார் என்ற பயம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. தண்டலைப் பார்த்துத் தூக்கு என்று கை காட்டினார்.

தண்டல் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

"சொன்ன எடத்துல எறக்கியாச்சு தாயி. எறக்குன பெறவு தூக்குதது எங்க வழக்கமில்ல."

துறைமுகத்து வழக்கம்

இதை வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் துறைமுகத்தில் தோணிக்காரர் வேலை வேறு, கரைக் கூலிகள் வேலை வேறு. தோணிக்காரர் ஒரு மூட்டையைச் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டால், அதன் பிறகு அதை ஒரு சாண் நகர்த்துவது என்றாலும் கரைக்காரர்தான் நகர்த்த வேண்டும். தோணிக்காரன் தொட்டால் அடுத்தவன் சோற்றில் கை வைத்த மாதிரி. இதற்காக மண்டை உடைந்த சண்டைகள் உண்டு. கலெக்டரே வந்து நின்று சொன்னாலும் இறக்கிய மூட்டையைத் தோணிக்காரர் மறுபடி தூக்க மாட்டார்கள்.

மேட்ரனும் இந்த ஊரில் பிறந்தவர்தான். அந்த வழக்கத்தோடு மோதிப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குத் தெரியும். பெரிய வார்டு ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

மாடசாமியும் இன்னொருவரும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டார்கள். உள்ளே வா என்றார் மேட்ரன். மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"உள்ள கால் வைக்கப்படாதுன்னு சட்டம் இருக்குல்லாம்மா. இன்னைக்கு நீங்க வான்னு சொல்லுவிய. நாளைக்குத் தொர கேட்டாவன்னா எங்க வேலல்லா போவும்."

அந்தச் சட்டத்தை வாராவாரம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவரே மேட்ரன்தான்.

பட்லர் தனக்குச் சமையல் வேலை மட்டும்தான் என்று அடுக்களைக்குள் போனார். ஆயா ஆண்பிள்ளையைத் தொட மாட்டேன் என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். யாரையும் யாரோடும் சேரவிடாமல் பார்த்துப் பார்த்துக் கட்டிய வார்டு அது. அதனால்தான் அந்தக் கறுப்பு மனிதரை வெளியே தூக்கிப்போக அங்கே ஆளில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பனிக்கட்டியை மாற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மிச்சம் இருந்தது கம்பவுண்டர் அண்ணாச்சி. சத்தம் கேட்டு வந்தவர், கட்டிலைப் பார்த்து, "இவரா அமெரிக்காக்காரரு?" என்று முகம் கோணத்தான் கேட்டார். மேட்ரன் அவரைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் காலைப் பிடியுங்கள், நர்ஸ் தலைப்பக்கம் பிடிக்கட்டும் என்றார்.

நான் மாட்டேன் என்று சொல்லி வேலையைவிட்டுப் போகத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நான் ஒருத்தி மறுத்தால் வேறு நர்ஸ் வருவாள். அண்ணாச்சி காலைப் பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தேன். "அண்ணாச்சி, மேடையில பேசுனது நீங்கதான?" என்று மட்டும் கேட்டேன்.

அண்ணாச்சி கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிலைப்படிக்கு வெளியே நின்ற மாடசாமியைப் பார்த்தார். காலைப் பிடிக்க நீட்டியிருந்த கையை மெதுவாக இடுப்புக்குக் கொண்டுபோனார்.

"எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு மேட்ரன். வெயிட்டு தூக்க முடியாது" என்றார்.

காலையில்தான் அவர் டிங்சர் பெட்டியைத் தலைமேல் வைத்து மாடிக்கு ஏற்றியிருந்தார். எல்லோரும் பார்த்திருந்தோம். மேட்ரனும் பார்த்திருந்தார். டாக்டர் வந்து முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேர்த்தது

அந்த மத்தியானத்தைப் போல நீண்ட மத்தியானம் எனக்கு வாய்த்ததில்லை. ஈரத் துணியைப் போர்த்துவேன், காயும், மறுபடி நனைப்பேன். இடுப்புப் பிடித்த அண்ணாச்சி கை காலை எல்லாம் அரக்கித் தேய்த்துவிட்டார். கிளப்புக்கு வந்த பாளத்திலிருந்து பாதியைப் பட்லர் எப்படியோ பேசி வாங்கிவந்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை.

வெயில் தாழ்கிற நேரம், அவர் மேலுதட்டில் முத்து முத்தாக ஏதோ மின்னியது. பனிக்கட்டித் தண்ணீரோ என்று துடைத்துப் பார்த்தேன். மறுபடி வந்தது. வேர்வை. ஒரு மனிதருக்கு வேர்த்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

வெளியே வந்தால், தண்டலும் ஆட்களும் பூவரச மரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சொன்னதும் தண்டல் சிலுவை போட்டுக்கொண்டார். இறக்கிய பின் தூக்காத வழக்கம் மனுஷர்களுக்கும் உண்டா என்று கேட்டேன்.

"மூட்டைக்குத்தான் உண்டு. மேட்ரனம்மா அத கேக்கலல்லா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் வந்ததும் மேட்ரன் நடந்த தவறை எடுத்துச் சொன்னார். டாக்டர் சூட்டை அளந்து பார்த்தார். இப்போது அசைத்தால் ஆபத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். அவருக்கும் அதற்கு மேல் தைரியம் இல்லை, ஆனால் அவ்வளவு இருந்தது.

எனக்கு எது

அவர் பெயர் வால்டர். அமெரிக்காவின் தெற்குப் பக்கம். அவர் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும், பாதியைக் கையைக் காட்டிப் புரியவைப்பார். எங்கள் ஊரில் என்றால் இந்த மாதிரிக் கட்டிலில் நான் படுக்க முடியாது என்றார். கறுப்பர்களுக்கு ஆஸ்பத்திரியின் நிலவறையில் தனி இடமாம். யுத்தத்தில் ஒரே கப்பலில் சேர்ந்து குண்டுக்குத் தப்பியவர்கள், கரையில் இறங்கியதும் வேறு வேறு ரயில் பெட்டியில் ஏற வேண்டுமாம். இப்போது அவர்கள் மாலுமிச் சங்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், கரைக்கும் அது வந்து சேரும் என்று நம்பிக்கையாகச் சொன்னார்.

அவரைத் தூக்க ஆளில்லாமல் போன கதையைச் சொன்னேன். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். இப்படி ஒருவரும் தூக்காமல் நிற்பதைத்தானே நாங்கள் சங்கம் என்கிறோம் என்றார்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் ஒருநாள் தானாகவே பெரிய வார்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். அங்கே இரண்டு தண்ணீர்ப் பானைகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒன்று பொதுவில். இன்னொன்று சேரியிலிருந்து வருகிறவர்களுக்கும் மாடசாமி போன்றவர்களுக்கும். துரை வார்டைக் கட்டியது வெள்ளைக்காரர்கள். அந்த இரண்டாவது பானையை வைத்தது நாங்கள். யார் வைத்தது, எப்போது வைத்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

ஏன் இரண்டு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. எங்கள் அப்பா காலத்தில் எங்கள் சாதி ஆட்களே சில தெருக்களில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்றிருந்தது என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, குத்தலே இல்லாமல், நிஜமாகவே வழி கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இதில் எனக்கு எது?"

கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பவுண்டர் அண்ணாச்சி கையிலிருந்த மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்தார். நேரே மாடசாமியின் பானைக்குப் போனார். மொண்டு, அண்ணாந்து, கடகடவென்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவர் கழுத்து ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அடுத்த டம்ளரை வால்டரிடம் கொடுத்தார். அதற்கடுத்து என்னிடம்.

அன்றைக்கே அந்தப் பானைத் தண்ணீரை மற்றதில் ஊற்றினார்கள். காலியானதில் ஆயா துளசி வைத்தாள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. சிலர் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் வரவழைத்தார்கள். தூத்துக்குடி வெயிலில் அந்த வைராக்கியம் ஒரு வாரம் தாங்கவில்லை.

வால்டர் கிளம்பும்போது எல்லோரிடமும் கை கொடுத்தார். மேட்ரனிடம் போய், நல்ல கட்டில் கொடுத்ததற்கு நன்றி அம்மா என்றார். உள்ளபடிதான் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேட்ரன் வெகுநேரம் சன்னலருகிலேயே நின்றார்.

அளத்திலிருந்து வந்தவள்

அடுத்த கோடையில், உப்பளத்தில் உப்பை வாரிச் சேர்க்கும் வாருபலகை இழுக்கிற பெண் ஒருத்தி வெயிலில் விழுந்துவிட்டாள். கூட வேலை பார்த்தவர்கள் ஒரு பழைய சேலையில் அவளைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்வாசலுக்கு வெளியே மண்ணில் இறக்கிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். பாதம் முழுக்க உப்பு வெடிப்பு. உடம்பில் வேர்வை இல்லை. டாக்டர் அன்றைக்கும் ஊரில் இல்லை.

மேட்ரன் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை என்ன ஆனாலும் சரி, இந்த மனுஷியோடு ஒரு கை பார்த்துவிடுவது என்று நான் வார்த்தைகளை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் படியிறங்கி வந்தார். கவுன் மண்ணில் புரள, குத்தவைத்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் நெற்றியில் புறங்கையை வைத்தார். தூக்கச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. கால் பக்கத்துச் சேலை முனைகளைத் தன் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீ தலைப்பக்கம் பிடி" என்றார்.

எந்த வார்டுக்கு என்று கேட்டேன்.

"ஐஸ் எங்க இருக்கோ, அங்க" என்றார்.

நாங்கள் இரண்டு பேருமாகத் தூக்கினோம்.